பத்துக்கு மூன்று

பாரிஸின் லாச்சப்பலில் எங்கள் ஈழத்து ஆட்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலம் அது. ஊரில் சண்டை ஓய்ந்து இரண்டு வருஷம். இங்கே சேலைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவில் பட்டப்பகலில் வாளோடு ஓடினார்கள். என்ன வீரமோ, யாருக்குக் காட்டிய வீரமோ! நான் அதே தெருவில் குடியிருந்தேன். வேலை பக்கத்து மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில். வருகிறவர்களை வாசலில் பார்த்து, யார் முதலில் உள்ளே போவது என்று முடிவு செய்யும் தாதி நான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேரை ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். ஒருவன் தமிழன், முப்பது வயதிருக்கும். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து எலும்பு தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தான். மற்றவர் ஐம்பது தாண்டிய அல்ஜீரியர், தெருமுனையில் தொலைபேசி அட்டை விற்கிறவர். வெட்டுப்பட்டு ஓடிவந்த இவனைத் தன் கடைக்குள் இழுத்துப்போட்டு, வாசலை மறித்து நின்றிருக்கிறார். துரத்தி வந்தவர்கள் இரும்புக் குழாயால் அவருடைய விலாவில் மாறி மாறி அடித்திருக்கிறார்கள். வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஆனால் கூடமே அதிரும்படி உம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார்.

எங்கள் பிரிவில் இதற்கு ஒரு கேலிப்பெயர் உண்டு: மத்தியதரைக்கடல் வியாதி. அரபு ஆட்கள் வலியைப் பெருப்பித்துக் காட்டுவார்களாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சிரித்துக்கொண்டு சொல்லித்தந்தார்கள். எனக்கு அதை நம்புவது சுலபமாக இருந்தது. எங்கள் வீட்டில் அழுத பிள்ளைக்குத்தான் இரண்டாவது அடி விழும். சத்தம் போடாதவனுக்குத்தான் உண்மையான வலி என்று நம்பி வளர்ந்தவள் நான்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: வலி பத்துக்கு எத்தனை?

"பத்து! பத்து!" என்று பிரெஞ்சில் அலறினார். நாடி தறிகெட்டு ஓடியது. இப்படிக் கத்தினால் ஓடாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டு, மூன்று என்று பதிந்தேன்.

வெட்டுப்பட்டவன் என் சட்டையைப் பிடித்தான். "அக்கா, அந்த ஐயாவை முதல் பாருங்கோ. அவர் என்னாலைதான் அடி வாங்கினவர்."

"நீ சும்மா இரு. உனக்குக் கை போகப்போகுது" என்றேன்.

அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அந்த மனிதர் எட்டி என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு, "போதும்! இது ஆஸ்பத்திரி, சந்தையில்லை!" என்று முகத்துக்கு நேரே அதட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். கூடம் அமைதியானது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முக்கால் மணி நேரம் கழித்து நான் திரும்பி வந்தபோது அவருடைய உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க இரத்தம். சத்திரசிகிச்சை மேசையில் செத்துப்போனார். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. மூன்று என்று பதிந்த ஆள் முக்கால் மணி நேரம் காத்திருப்பது விதிப்படி சரி.

அதற்குப் பிறகு அந்த வாசலில் நிற்க என்னால் முடியவில்லை. மேலே படித்து ஆய்வுக்குப் போனேன். அரபுக் குடியேறிகளுக்கு வலிமருந்து ஏன் பிந்துகிறது என்பதுதான் என் ஆய்வு. பழைய கோப்புகளைப் புரட்டினால் என்னைப்போலப் பலர் மூன்று எழுதியிருந்தார்கள். கருத்தரங்குகளில் அவர்களைக் கண்டித்துக் காரசாரமாகப் பேசிக் கைதட்டு வாங்கினேன். நானும் எழுதினேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கோழை.

பிறகு குடும்பங்களைச் சந்திக்கும் கட்டம் வந்தது. பேசச் சம்மதித்தவர்களின் பட்டியலில், புறநகரான ஸ்தேனில் வசிக்கும் அந்த அல்ஜீரியரின் மனைவியும் இருந்தார். கூட வேலை செய்கிறவளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, கணவருடைய ஆஸ்பத்திரிக் கோப்பின் பிரதியை எடுத்துவந்தார். மடிப்புகள் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. மூன்று என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவேன். அவர் அதிகம் நோகாமல் போனார். ஒரு தாதி பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறாள். இது இல்லையென்றால் எனக்கு நித்திரை ஏது?"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் அந்த மனிதரின் வலியை இரண்டாவது தடவையும் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அந்தத் தாதி நான்தான். அவர் பத்து என்று சொன்னார்."

தேநீர்க் கிளாஸ் என் நெற்றியில் பட்டு உடைந்தது. அடுத்தது கை. கன்னத்தில், கழுத்தில், காதில். மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் தரையில் உட்கார்ந்து, மூச்சு இரைக்க இரைக்க ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நேரம் கத்தினார்?"

கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"நான் அதட்டும்வரைக்கும்."