இறங்காத மூணாவது ஆளு

கதவு சாத்தியாச்சு, ஆளு மடியில ஆளா உக்காந்தாச்சு, ஆனா எங்க கம்பெனி வேன் டிரைவர் மாதப்பண்ணன் சாவியத் திருக மாட்டாரு. பின்னாடி திரும்பி, இன்னிக்குப் புதுசா ஏறுன மூஞ்சி எதுன்னு தேடுவாரு.

"தம்பி, நிலாவுல மொதமொதல்ல எறங்குன ராக்கெட்ல போனது எத்தன பேரு?"

"ரெண்டு பேருங்ணா."

"எந்திரி. முன்னாடி வந்து இஞ்சின் பெட்டி மேல உக்காரு."

உத்தனப்பள்ளில இருந்து ஒசூர் சிப்காட் வரைக்கும் அந்தப் பெட்டி மேல உக்காந்து வந்தா ஆளு பாதி வெந்துருவான். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போனா சட்னி ஊத்தி சாப்புடலாம். கரெக்டா மூணுன்னு சொன்னவனுக்கு ஜன்னல் சீட்டு. நானு மூணு வருசமா அந்த வேன்ல போறேன், ஜன்னல் சீட்டு எனக்குப் பட்டா போட்ட மாதிரி.

அறுபத்தொம்போதுல அப்பல்லோ பதினொண்ணுல மூணு பேரு போனாங்க. ரெண்டு பேரு எறங்கி நடந்தாங்க, குதிச்சாங்க, கொடி நட்டாங்க. மூணாவது ஆளு மைக்கேல் காலின்ஸு எறங்கவே இல்ல. அவங்க திரும்பி வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமே, அதுக்காக மேல ஒத்தையா சுத்திக்கிட்டே இருந்தாரு. "ஒலகமே அந்த ரெண்டு பேரச் சொல்லுதுய்யா. வண்டி ஓட்டுனவன் பேரு எவனுக்காவது தெரியுமா?"ன்னு மாதப்பண்ணன் ஸ்டியரிங்க குத்துவாரு. குத்துற குத்துல ஆரன் தன்னால அடிக்கும்.

சின்ன வயசுல தளி ஊரு சலூன்ல அந்த மூணு பேரு படம் மாட்டியிருந்துச்சாம். "இதுல இந்தாளு யாரு?"ன்னு கேட்டதுக்கு, சலூன்காரரு கத்தரிய நிறுத்தாம, "அவன்தான்டா டிரைவரு"ன்னாராம். தானும் டிரைவராகணும்னு அன்னிக்கு முடிவு பண்ணுனவரு. வீட்ல கன்னடம், ரோட்ல தெலுங்கு, எங்ககிட்ட தமிழு. சானமாவு காட்டுல யான குறுக்க நின்னா மட்டும் மூணு பாஷையும் ஒண்ணா வரும்.

அதே சானமாவுல செல்போன் சிக்னல் புட்டுக்கும். ஒடனே குரல எறக்கிடுவாரு. "நிலாவோட பின்பக்கம் வந்துட்டோம். அந்தாளுக்கும் இங்க சிக்னல் இல்ல. ஒரு மனுசன் குரல் கெடையாது, யோசிச்சுப் பாரு." காடு தாண்டி போனுங்க எல்லாம் ஒட்டுக்கா கீங்கீங்னு கத்துறப்ப, இவரையே அமெரிக்காவுல இருந்து கூப்புட்ட மாதிரி மீசையத் தடவுவாரு.

ஷிப்டு விட்டா ஒரு ஆளு கொறஞ்சாலும் வண்டி நகராது. எங்க லேத்துக்காரன் வெள்ளைச்சாமி, தேனிப் பக்கத்து ஆளு, கை கழுவப் போனான்னா ஆத்துல எறங்கிக் குளிச்சுட்டுத்தான் வருவான். "அவன விட்டுட்டுப் போலாம்ணா"ன்னு நாங்க கத்துவோம். "காலின்ஸு அப்பிடி ரெண்டு பேர விட்டுட்டு வந்திருந்தா, அவங்க சம்சாரங்க மூஞ்சில எப்பிடி முழிப்பான்?"ன்னு கேப்பாரு.

இப்ப ரெண்டாயிரத்து ஒம்போது ஜூலைல, நிலாவுல எறங்கி நாப்பது வருசம் ஆச்சுன்னு எங்க கம்பெனி குடும்ப விழாவுல நாடகம் போடறதா முடிவு பண்ணுனாங்க. ஆபீஸ்ல இருக்கற வஜிஹா மேடம்தான் ஏற்பாடு. நிலாவுல எறங்குறது வெள்ளைச்சாமியும் வெல்டர் திம்மராயனும். ஒத்திகைக்கே காருக்குப் போத்துற சில்வர் கவர்ல டிரெஸ்ஸு தெச்சுப் போட்டானுங்க, ரெண்டு பரோட்டா பார்சல் நடந்து வந்த மாதிரியே இருந்துச்சு.

மாதப்பண்ணன் கேட் வாசல்லயே மேடத்தப் புடிச்சுட்டாரு. "மேடம், மூணாவது ஆளு எங்க?"

"அவர்தான் நிலாவுல எறங்கலயேண்ணா. மேடையில என்னன்னு காட்டுறது?"

"எறங்கலன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா மேடம்?"

மேடம் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அண்ணனுக்கு முகம் செத்துப்போச்சு. மறுநாளு வண்டில கேள்வி இல்ல. இஞ்சின் பெட்டி மேல ஆளு இல்ல. சானமாவுல சிக்னல் போச்சு, ஒரு வார்த்த பேசல. யானைக்கே கவலையா இருந்திருக்கும்.

எனக்குப் பொறுக்கல. நேரா மேடத்துகிட்ட போயி, "மேடம், காலின்ஸு அவங்க ரெண்டு பேரும் வர்ற வரைக்கும் மேல சுத்திட்டுதான இருந்தாரு? எங்கண்ணனும் வேன எடுத்துட்டு கிரவுண்ட சுத்தட்டும்"னேன். அந்தம்மா பேனாவக் கடிச்சாங்க. காண்ட்ராக்ட் வண்டிய கேட்டுக்கு உள்ளாற உட மாட்டாங்க, அது கம்பெனி ரூலு. கடிச்ச பேனாவுலயே கேட் பாஸ்ல கையெழுத்துப் போட்டாங்க.

விழா அன்னிக்கு சாயங்காலம் வேன் பூரா சீரியல் பல்பு. கல்யாண மண்டபமே சக்கரம் கட்டிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. மேடையில நம்ம பரோட்டா பார்சலுங்க ஏணில எறங்க, கிரவுண்ட சுத்தி வேன் மெதுவா வருது. கேன்டீன் பின்னாடி போனதும் லைட்ட எல்லாம் அணைச்சுட்டாரு.

"நிலாவோட பின்பக்கம் போயிட்டாரு!"ன்னு நான் கத்துனேன். சனம் எட்டி எட்டிப் பாக்குது. அந்தப் பக்கம் லைட்டோட வெளிய வந்து ஒரு ஆரன் உட்டாரு பாருங்க, விசிலு பெங்களூரு வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த சுத்துக்கு மேடைய ஒருத்தரும் பாக்கல. திம்மராயன் கொடி நட்டத அவன் பொண்டாட்டியே பாக்கல.

கடைசிச் சுத்து. ரெண்டு பேரும் மேடைய உட்டு எறங்கி வந்து நிக்கறானுங்க, வேன் வந்து ஏத்திக்கணும். வேன் கேன்டீன் பின்னாடி போச்சு. வரல. இஞ்சின் சத்தமும் நின்னுடுச்சு.

வெள்ளைச்சாமி ஹெல்மெட்டக் கழட்டிட்டான். "ஆத்தாடி, அண்ணே நம்மள விட்டுட்டாரோ?"

"வாய மூடுறா"ன்னான் திம்மராயன். அவனுக்கும் வேர்த்துடுச்சு. ஆயிரம் பேரும் அந்தச் செவுத்து மூலையவே பாக்கறோம்.

மொதல்ல "தள்ளுங்கம்மா, தள்ளுங்க"ன்னு சத்தம். அப்பறம் இஞ்சின் ஒரு இருமு இருமுச்சு. சீரியல் பல்பு எரிஞ்சுகிட்டு வேன் வெளிய வருது, கேன்டீன் அம்மாங்க நாலு பேரு கையில கரண்டியோட பின்னால தள்ளிட்டு வராங்க. கிரவுண்டே எந்திரிச்சு நின்னுடுச்சு. "காலின்ஸு! காலின்ஸு!"ன்னு பொடிசுங்க கத்துதுங்க, பொம்பளைங்க கத்துறாங்க, பாஸு கேக்கற செக்யூரிட்டியும் தொப்பியக் கழட்டி ஆட்டுறாரு.

"மூணாவது ஆளு மேடைக்கு வரணும்!" மேடம் மைக்குல கத்துனாங்க. பெரிய மேனேஜரு சால்வைய விரிச்சுப் புடிச்சுட்டு நிக்கறாரு.

மாதப்பண்ணன் அந்தப் பக்கமே திரும்பல. இஞ்சின் மறுபடி நின்னுடக் கூடாதுன்னு ஆக்சிலேட்டர மிதிச்ச கால எடுக்காம, ஒடம்ப வளச்சுப் பின்னாடி எட்டிக் கதவத் தொறந்தாரு. "தலையக் குனிஞ்சு ஏறு வெள்ளைச்சாமி, இடிச்சுக்கப் போற"ன்னு கையக் குடுத்து அவன உள்ள இழுத்துட்டு, திம்மராயனுக்குக் கைய நீட்டுனாரு.