ஜாக்கெட்டுக்குள் ஒரு ஆழாக்கு கேழ்வரகு

நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக வரும். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் போய் நிற்பேன். வருஷமெல்லாம் மறந்து போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். தையல் சென்டர் பெண்கள், "நீங்க கடையில தைச்ச காலத்தப் பத்தி எழுதிக் குடுங்க"ன்னு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். பேப்பருக்குக் கண் கிடையாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

1. லீவு முடிந்து போன நாள்

திருவண்ணாமலை கடைத்தெருவில் மஜீத் பாயின் தையல் கடை. முன்பக்கம் பாயும் அவருடைய கட்டிங் டேபிளும். பின்பக்கம் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் ஒரு பெடல் மிஷின், ஒரு ஸ்டூல், நான். வருகிற பொம்பளைங்களுக்கு அளவு எடுத்து ஜாக்கெட் தைப்பது என் வேலை. மற்ற கடைகளில் பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். எங்கள் கடையில் உடம்பிலேயே டேப் வைத்து எடுப்போம். அதற்காகவே கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள்.

எழுபத்தேழோ எழுபத்தெட்டோ, எனக்கு இடது மாரில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். கடையில் நான் சொன்னது "வயித்துல கட்டி". அந்த நோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அப்போது ஜனங்கள் நம்பினார்கள். பெயரைச் சொல்லவே பயப்படுவார்கள். என் வேலையோ தொட்டுச் செய்கிற வேலை. தெரிந்தால் எவள் என் முன்னால் கையைத் தூக்கி நிற்பாள்? ஸ்டூல் போய்விடும். எனக்கு உயிர் பயம் ரெண்டாவதுதான், ஸ்டூல் பயம்தான் முதல்.

அதனால் இலவம்பஞ்சை உருட்டி, வெள்ளைத் துணியில் தைத்து, உள்ளே வைத்துக்கொண்டு போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் தைத்த ஜாக்கெட் அத்தனையும் கச்சிதமாக நின்றது. எனக்கு ஒரே பெருமை.

பஞ்சுக்குக் கனமில்லை என்பதை யோசிக்கவில்லை. பெடல் மிதிக்க மிதிக்க அது மேலே ஏற ஆரம்பித்தது. பத்து மணிக்கு இருந்த இடம் வேறு, பன்னிரண்டு மணிக்கு இருந்த இடம் வேறு. கொக்கி வைத்துக்கொண்டு போக வந்த டீச்சரம்மா என்னையே உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, கழுத்துகிட்ட வீங்கியிருக்கு?"

"நெறி கட்டியிருக்குங்க."

"பார்க்கப் பார்க்க மேல ஏறுது போல?"

"சளிங்க" என்றேன். சளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2. கனம் சேர்த்தது

மெட்ராசில் ரப்பரில் ஒன்று விற்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மெட்ராசுக்குப் போய் ஒரு கடைக்காரரிடம் அதைக் கேட்க என்னால் ஆகுமா? ஊரில் மளிகைக் கடையில் வசம்பு கேட்கவே ரெண்டு ஆள் போகட்டும் என்று நிற்கிறவள் நான்.

மணல் போட்டுப் பார்த்தேன். கசிந்தது. கடைசியில் வீட்டுப் பானையில் இருந்த கேழ்வரகை ஒரு ஆழாக்கு அளந்து, பையாகத் தைத்து, தோளுக்குப் பட்டி வைத்துப் போட்டேன். அடடா! கனம் சரி, அசைவு சரி, ஏறவும் இல்லை. ஆழாக்கால் அளந்து மார் வைத்துக்கொண்டவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சுகம் ஒரு வாரம்தான். வெயில் ஏறியதும் பை வியர்வையில் ஊறி, ஆபரேஷன் தையல் போட்ட இடத்தை அறுத்தது. வேர்க்குரு. தோள்பட்டையில் பட்டி பதிந்து கன்றிப் போச்சு. ஒருநாள் எறும்பு வந்தது. கஸ்டமருக்கு மார் மடிப்புக்கு டாட் பிடிக்க சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே, எறும்பு கடிக்கிற இடத்தைத் தொட முடியாமல் நெளிவேன். கட்டுப் பார்க்கப் போனபோது டாக்டரம்மா திட்டினார். "புண்ணு ஆவுதுல்ல? எடுத்துப் போடேம்மா. யாருக்காக இத சொமக்கற?"

சாயங்காலம் அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பையை அவிழ்த்து ஆணியில் மாட்டுவேன். நாளையிலிருந்து வேண்டாம் என்று முடிவு செய்வேன். காலையில் ஸ்டூல் ஞாபகம் வரும். மறுபடியும் கட்டிக்கொள்வேன். இப்படியே ஒன்றரை வருஷம் போனது.

"எடுக்கறதுன்னா எடு, கட்டறதுன்னா கட்டு. தெனமும் அத ஏன் மொறைக்கிற?" என்பார் வீட்டுக்காரர்.

3. கமலம்மா வந்த நாள்

கார்த்திகை மாசம். மூணு நாளாக விடாத மழை. கடைக்கு வரும்போதே தொப்பலாக நனைந்துவிடுவேன். சேலை காய்ந்துவிடும், பை காயாது. மாற்றுப் பை தைத்து வைத்துக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்கு அது தோன்றவில்லை.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர் சம்சாரம் கமலம்மா, பெண் கல்யாணத்துக்கு வீட்டுப் பொம்பளைகள் எல்லாருக்கும் ஜாக்கெட் தைக்க வந்திருந்தார்கள். பெரிய ஆர்டர். திரைக்குள் கையைத் தூக்கி நின்ற கமலம்மா மூக்கைச் சுளித்தார்கள்.

"என்னாடி இது, கூழு புளிச்ச வாசனை?"

"மழைங்கம்மா. துணி காயல."

"துணி இப்படி நாறாதுடி. நான் கூழு காய்ச்சறவ, எனக்குத் தெரியாதா?"

எனக்கோ உள்ளே ஊசி குத்துகிற மாதிரி ஒரே அரிப்பு. "ஒரு நிமிஷம்ங்க" என்று மூலைக்குத் திரும்பி நின்று பையை உருவினேன். பார்த்தால் துணியின் இழை இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருக்கிறது! நாமெல்லாம் கேழ்வரகை நனைத்து, துணியில் இறுக்கிக் கட்டி, கதகதப்பான இடத்தில்தானே முளை கட்டுவோம்? அதையேதான் செய்திருக்கிறேன். இடம்தான் வேறு.

என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்குத் திரும்பிய கமலம்மா பையைப் பார்த்தார்கள். தொங்கிப் போன என் ஜாக்கெட்டைப் பார்த்தார்கள். முகம் மாறிவிட்டது.

"அந்த நோயாடி?"

நான் தலையை ஆட்டினேன்.

கமலம்மா துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, வாசலில் பாயிடம் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டார்கள்.

4. பாய் சொன்னது

திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பாய். அவரும் கூச்ச சுபாவம். கத்தரிக்கோலைப் பார்த்துத்தான் பேசினார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"கமலம்மா சொல்லிட்டுப் போனாங்கம்மா."

"நாளைலேர்ந்து நான் வரல பாய்."

"யாரு ஒன்ன வராதன்னது? ஒட்டற நோயில்ல அது. என் மாமியாளுக்கு வந்துச்சு, கூடவே இருந்தோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவல. நாலு பேரு போவாங்க, அது என் பேஜாரு. எனக்கு வேற ஒண்ணுதான் ஆத்தாமையா இருக்கு."

"என்னா பாய்?"

"ஒன் ஜாக்கெட்ட எந்த அளவுல வெட்டின?"

"பழைய அளவுதான்."

"அளவு மாறினா நாம என்னாம்மா செய்வோம்? புதுசா எடுத்து வெட்டுவோம். நீ என்னாடான்னா, ஜாக்கெட்ட அப்படியே வெச்சிக்கினு ஆளத் திருத்தியிருக்க. கஸ்டமரு இப்படி செஞ்சா சும்மா விடுவியா நீ?"

கத்தரிக்கோல் கீழே விழுந்த சத்தம் கேட்டது. இவ்வளவு பேசியதே அவருக்கு ஜாஸ்தி. எடுத்து வைத்துவிட்டு, "அளவு நோட்டுல எடது, வலதுன்னு ரெண்டு கட்டம் போடு. இனிமே எல்லாருக்கும் தனித்தனியா எடு. மொதல்ல ஒனக்கு" என்றார்.

எனக்கு நானே டேப் வைத்தேன். வலது பக்கம் மூணு டாட். இடது பக்கம் டாட்டே கிடையாது, நேர் வெட்டு, மெத்தென்ற வாயில் துணியில் லைனிங். முளைத்த கேழ்வரகை எங்கள் வீட்டுக் கோழிக்குப் போட்டேன். அது ஒன்றும் கேட்காமல் தின்றது.

பை இல்லாமல் கடைத்தெருவில் நடந்த முதல் நாள், ஊரே பார்க்கும் என்று முந்தானையை இழுத்து இழுத்தே கை வலித்தது. ஊருக்கு வேறு வேலை இருந்தது. கனம் இல்லாததால் கொஞ்ச நாள் வலது பக்கம் சாய்ந்து நடந்தேன். டீச்சரம்மா மட்டும், "நெறி வடிஞ்சிடுச்சு போல" என்றார்.

ஒன்பது கஸ்டமர் நின்றுபோனார்கள். விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். தை மாசக் கடைசியில் திரை விலகியது. கமலம்மா! ஒரு ஜாக்கெட்டை என் மடியில் வீசினார்கள்.

"அந்த மேலத் தெருக்காரன் கைய தூக்க முடியாம தைச்சிட்டான்டி. பொண்ணு கல்யாணத்துல அட்சதை போடக்கூட முடியல, சும்மா வீசினேன், மாப்பிள்ள கண்ணுல பட்டுச்சு. நோயாவது மண்ணாவது. அளவ எடு."

எடுத்தேன். அவர்கள் மூச்சை இழுத்து முகர்ந்தார்கள். "இன்னிக்கி கூழு வாசனை இல்ல" என்றார்கள். அவ்வளவுதான் மன்னிப்பு.

நோட்டில் இடது, வலது என்று எழுதினேன். கமலம்மாவுக்கு ரெண்டும் ஒன்றாக இல்லை, அரை இன்ச் வித்தியாசம். அடுத்து வந்தவளுக்குக் கால் இன்ச். அதற்கடுத்தவளுக்கு முக்கால். அந்த நோட்டு முடிகிற வரை ரெண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவில் ஒருத்தியைக்கூட நான் பார்க்கவில்லை. பத்து வருஷம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவளுக்கு இது தெரியாமல், ஒன்றரை வருஷம் தானியம் சுமந்திருக்கிறேன். தைக்கிற பெண்களே, அளவை ரெண்டு பக்கமும் எடுங்கள். உங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் எழுபத்தேழா எழுபத்தெட்டா என்று எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டு யாராவது சரி செய்யுங்கள். கேழ்வரகு ரெண்டு நாளில் முளைத்ததா மூணு நாளா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். நனைத்துக் கட்டிப் பார்த்துத் திருத்திவிடுங்கள். அடுப்பங்கரையில் கட்டினால் போதும்.