அண்ணன் வீட்டு ரவுட்டர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது கோச்கோர் என்ற எங்கள் மலையூரில், என் வீட்டில், ஜனவரி பதினேழாம் தேதி மாலை நடந்தது. நான் எர்மெக்.

டிசம்பர் எட்டாம் தேதி என் அண்ணன் மெடெர் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போனார். பனிக்கட்டி உடைந்துவிட்டது. உடல் கிடைத்தது, கைப்பேசி கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள், எங்கள் வழக்கப்படி, அவர் பொருட்களை உறவுக்காரர்களுக்குப் பங்கிட்டார்கள். கோட்டு மாமாவுக்கு, சேணம் மச்சானுக்கு, ரவுட்டர் எனக்கு. தாயில்லாத அவர் மகள் அய்பெரியும் எங்களோடு வந்துவிட்டாள். எட்டு வயசு.

அவளுக்குக் கொடுத்த பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை. மறுநாளே முன்னறை ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து, அண்ணனுடையதை அங்கே மாட்டினேன். பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை. செத்தவர் பொருளில் அவர் பெயரையே அழிப்பதா? ‘மெடெர் வீடு’ என்றே விட்டுவிட்டேன்.

“பெரிய இன்ஜினியர்! சுவத்துல ஓட்டை போட்டதுதான் மிச்சம்” என்றாள் என் மனைவி ஜிபெக்.

மணி 5:40. முன்னறையில் உட்கார்ந்து, அண்ணன் ரவுட்டரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று என் கைப்பேசியில் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு கைப்பேசிகள். ஒன்று என்னுடையது. இன்னொன்று... ‘மெடெர்’. சிக்னல் ஒரு கோடு.

“ஜிபெக், அண்ணன் போனை யாராவது கண்டெடுத்தாங்களா?”

“உங்களுக்கென்ன கிறுக்கா? அது ஏரிக்கடியில கெடக்கு.”

5:46. இரண்டு கோடு.

5:51. மூன்று. வாசலில் நாய் குரைக்கவில்லை, முனகியது.

5:53. நான்கு கோடும் நிறைந்தது.

கிட்டே வந்துகொண்டிருந்தது... பின்னறைக்கு.

“ஐயோ, புள்ள!” ஜிபெக் அலறினாள். “கூட்டிட்டுப் போக வந்துட்டாரு!”

ஓடினேன். அய்பெரி எனக்கு முதுகு காட்டி, ஜன்னலோரம் நின்றாள்.

5:54. பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஏன் சித்தப்பா அணைச்சே?” அவள் அழுதாள். “அப்பா இப்பதான் வந்தாரு...”

வெளியே புதுப்பனி. ஒரு காலடி இல்லை.

ஏப்ரலில் மீனவர் வலையில் அண்ணனின் கைப்பேசி சிக்கியது. பழுது பார்க்கிறவர் உள்ளிருந்த படங்களை மீட்டார்.

“டிசம்பர்லயா முங்கிச்சு?”

“ஆமா.”

“கடைசிப் படம் ஜனவரி பதினேழு. 5:54.”

ஜன்னலுக்கு வெளியிலிருந்து எடுத்த படம். பின்னால் நான், குனிந்து, கையில் பிளக். முன்னால் அய்பெரி, சிரித்துக்கொண்டு.

அவள் கை ஜன்னல் தாழ்ப்பாளில் இருந்தது. பாதி திறந்துவிட்டிருந்தாள்.