மகளுக்கு ஸ்ப்ரே, அம்மாவுக்கு டெஸ்ட்

சிம்மக்கல்லில் அந்த லாட்ஜ் அறைக்குள் தோலுக்கு நிறம் அடிக்கும் கம்ப்ரசர் மெஷினை நான் தூக்கிக்கொண்டு நுழைந்ததும், புரொடக்ஷன் மேனேஜர் செல்லப்பாண்டி எழுந்து நின்று சிரித்தார்.

"டெஸ்ட்டெல்லாம் முடிச்சாச்சுக்கா. நீங்க அடிக்க வேண்டியதுதான் பாக்கி."

"யாருக்கு முடிச்சீக? ஹீரோயின் புள்ள இப்பத்தானே ரயில விட்டு எறங்குச்சு?"

"அவுக அம்மா முன்னாடியே வந்துட்டாகல்ல? நீங்க குடுத்த ரெண்டு மருந்தையும் அவுக கையில வச்சுப் பாத்துட்டோம். ஒண்ணுமே ஆகல. ஒரே ரத்தம்தானே!"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா பெருமையோடு முழங்கையை நீட்டிக் காட்டினார். மடிப்பில் பழுப்பாக இரண்டு பொட்டு. தோல் ஜம்மென்று இருந்தது. அவர் தோல்.

நான் மெஷினைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கவா, திட்டவா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிலோமினா பார்லர் என்று கேட்டால் கோரிப்பாளையத்தில் எந்த ஆட்டோவும் வழி கேட்காமல் கொண்டுவந்து விடும். படிப்பு ஆறாம் வகுப்பு. பார்லரில் முடி பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, பெருக்கிக்கொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டவள். மதுரையில் கல்யாணப் பெண்ணுக்கு ஏர்பிரஷ் மேக்கப் போட்ட முதல் ஆள் நான்தான். இல்லை என்பவர்கள் நேரில் வரலாம், டீ வாங்கித் தந்து பேசுகிறேன். இந்தத் தொழிலுக்கு இப்போது நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ப்ரே டேன் என்பது வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கும் திரவத்தைப் புகை மாதிரி உடம்பில் அடிப்பது. சில மணி நேரத்தில் நிறம் ஏறும், ஒரு வாரம் வரை நிற்கும். நம் ஊரில் இது யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். என்னிடம் வருகிற அத்தனை பேரும் வெள்ளையாகத்தான் கேட்பார்கள். கருப்பாக்கச் சொல்லி வந்த முதல் ஆள் செல்லப்பாண்டி. அலங்காநல்லூர்ப் பக்கம் படப்பிடிப்பு. கதாநாயகி வயல்வேலை செய்யும் பெண். நாற்று நடுவாள், வாய்க்காலில் குளிப்பாள். சாதாரண மேக்கப் போட்டால் ஒரு முழுக்கில் கரைந்துவிடும்.

"கருத்த புள்ளைக்கு எங்க ஊர்ல பஞ்சமாய்யா? அப்படியே ஒரு புள்ளையக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று அப்போதே கேட்டேன்.

"ஹீரோயின வெள்ளையாத்தான் எடுக்கணும்கா. எடுத்துட்டுத்தான் கருப்பாக்கணும். எங்க தொழில் அப்படி."

நான் ஒப்புக்கொண்டேன். இரண்டு கம்பெனி சொல்யூஷனில் கொஞ்சம் கொஞ்சம் குப்பியில் ஊற்றிக் கொடுத்து, "சென்னைக்கு அனுப்பி அந்தப் புள்ள காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு, முழங்கை மடிப்புல ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்க. ரெண்டு நாள் பாக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அதைத்தான் பேட்ச் டெஸ்ட் என்பது. அந்தக் குப்பி சென்னைக்குப் போகவே இல்லை. மகள் விளம்பரப் படத்தில் மாட்டிக்கொள்ள, மருந்து அம்மா கைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை பூஜை. ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்துக்குள் கதாநாயகியை வைத்து முதல் ஷாட் எடுத்தாக வேண்டும். அதற்குள் நிறம் ஏற வேண்டுமென்றால் அன்று மாலையே அடித்தாக வேண்டும்.

அலர்ஜி என்று கேட்டால் வரும் பதில்

குளித்து முடித்து வந்த பெண்ணின் பெயர் தாரிணி. நல்ல முகம். பயந்த கண்.

"அலர்ஜி ஏதும் இருக்காம்மா?"

"இல்லை" என்று பதில் வந்தது. சொன்னது அம்மா.

இந்தக் கேள்விக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அலர்ஜி என்றால் ஏதோ ஆஸ்பத்திரி வியாதி என்று நினைப்பு. அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். தாரிணியின் காதைப் பார்த்தேன். ஓட்டை இருந்தது, கம்மல் இல்லை. நூல் கோத்திருந்தாள்.

"ஏந்தாயி காது மூளியா இருக்கு?"

"தங்கம் தவிர எதைப் போட்டாலும் நீர் வடியும்கா. ஷூட்டிங்கில தங்கம் போட மாட்டாங்க."

"தலைக்கு டை அடிச்சிருக்கியா? கல்யாண வீட்டுல டை கலந்த கருப்பு மருதாணி வச்சிருக்கியா?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்ல தோலு அவளுக்கு. எங்க வகையில எல்லாருக்குமே நல்ல தோலு."

அம்மாவை அனுப்பினால்தான் விஷயம் வரும் என்று தெரிந்துவிட்டது. "மேனேஜரே, அம்மாவக் கூட்டிட்டுப் போயி ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் குடுங்க. இம்புட்டு தூரம் வந்துட்டு அதக் குடிக்காமப் போறதா?" என்றேன். மேனேஜர் கிளம்பிய வேகத்தைப் பார்த்தால், அவருக்கும் ஜிகர்தண்டா வேண்டியிருந்தது போல.

நான் கொடுத்த வாக்கு

கதவு சாத்தியதும் அவள் அழ ஆரம்பித்தாள்.

"அக்கா கல்யாணத்துல கருப்பு மருதாணி வச்சேன். வச்ச டிசைன் அப்படியே கொப்பளமா வந்துச்சு. அப்புறம் ஒரு சீரியல்ல முடிக்கு டை அடிச்சாங்க. மூஞ்சி வீங்கி கண்ணே தெறக்கல. ஷூட்டிங் நின்னுபோச்சு. என்னைத் தூக்கிட்டு வேற பொண்ணப் போட்டுட்டாங்க. ஸ்கின் ப்ராப்ளம் பொண்ணுன்னு பேராயிடுச்சு. இந்தப் படத்துக்கும் இன்னொரு பொண்ணு ரெடியா இருக்காக்கா. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. அடிச்சிடுங்க. வீங்கினா மாத்திரை போட்டுக்கறேன்."

மாத்திரை போட்டுக்கொள்கிறாளாம்! முகம் மட்டும் என்றால் கழுவலாம். உடம்பு முழுக்க அடித்துவிட்டு அரித்தால் எதைக் கழுவுவது? ஏறிய நிறம் சோப்புக்கு அசையாது.

"இங்க பாரு. அடிக்க மாட்டேன். ஒன்ன மாத்தவும் விட மாட்டேன். பிலோமினா சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கதாநாயகியை வைப்பதும் எடுப்பதும் என் கையிலா இருக்கிறது? என் வாய் எப்போதும் எனக்கு ஓரடி முன்னால் நடக்கும். பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடிப்பதுதான் என் வாழ்க்கை. இதுவரை பிடிக்காமல் விட்டதில்லை.

அவள் காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு சொல்யூஷனையும் பொட்டு வைத்தேன். வலப்பக்கம் வாசனை போட்டது, இடப்பக்கம் வாசனை இல்லாதது. பிறகு எனக்குப் பழக்கமான தோல் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். என் பார்லரில் யாருக்காவது தோல் தடித்தால் நான் நேராகக் கேட்பது அவரைத்தான்.

"டை வேற, இது வேற பிலோமினா. டை ஒத்துக்கலைன்னா இதுவும் ஒத்துக்காதுன்னு சொல்ல முடியாது. ஆனா ஏற்கெனவே கோவப்பட்ட தோல். ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்க, நானும் பாக்குறேன். உதடு, கண்ணு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எனக்கு போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்க" என்றார்.

இரண்டு நாள். பூஜையோ நாளைக் காலை.

வயலில் கிடைத்த சட்டை

யூனிட் வேனில் ஏறி அலங்காநல்லூருக்குப் போனேன். டைரக்டர் சின்ன வயதுப் பையன்தான். மறுநாள் கேமரா எங்கே வைப்பது என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ரெண்டு நாள் டெஸ்ட் பாக்காம நான் மெஷின ஆன் பண்ண மாட்டேன்."

"அக்கா, நாளைக்கு ஷாட் வெயில்ல. கலர் இல்லாம நின்னா வெளுத்துப்போய்த் தெரியும். பொண்ணுக்கு ஏதாவது ப்ராப்ளமா?"

இந்தக் கேள்விதான். ஆமாம் என்றால் அவள் வேலை போயிற்று.

"ப்ராப்ளம் புள்ளைக்கு இல்ல, எனக்கு. டெஸ்ட் பண்ணாத தோல்ல நான் அடிக்கிறதில்ல. ஒங்க ஹீரோ வந்து ஒக்காந்தாலும் இதே பதில்தான்."

"அப்ப மேக்கப் ஆளையே மாத்த வேண்டியதுதான்" என்றார் பின்னால் வந்த செல்லப்பாண்டி.

"மாத்துங்க மாப்ள. மாத்தி அடிச்சு, நாளைக்கு அந்தப் புள்ள தடிச்சுப்போயி நின்னா, அவ அம்மா கையில வச்சுப் பாத்தோம்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

டைரக்டர் திரும்பி மேனேஜரைப் பார்த்தார். "யார் கையில?" மேனேஜர் செல்போனை எடுத்துக்கொண்டு தென்னை மரத்துப் பக்கம் ஒதுங்கினார்.

அப்போதுதான் வயலைப் பார்த்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். வீட்டுக்காரரின் பழைய சட்டை. தலையில் துண்டு, நெற்றி வரை இறக்கிக் கட்டியிருந்தது. வெயிலுக்கும் சோளத்தோகைக்கும் நம் பெண்கள் காலங்காலமாகப் போடுவது. முகத்தில் பாதியும் கைவிரலும்தான் வெளியே தெரிந்தன.

"தம்பி, அந்தா பாருங்க. வயவேலைக்கு வாரவுக எவுக கையைக் காட்டிக்கிட்டு வாராக?"

அவர் பார்த்தார். இரண்டு கையையும் கட்டம் மாதிரி பிடித்துப் பார்த்தார். களை எடுத்த ஓர் அம்மா நிமிர்ந்து, "என்னண்ணே, படம் புடிக்கியளா? எங்களப் போட்டா கலரே அடிக்க வேணாம்ல!" என்றார். வயல் முழுக்கச் சிரிப்பு. டைரக்டரும் சிரித்துவிட்டார்.

"அம்மா, அந்தச் சட்டை ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"தொவைக்காததுண்ணே!"

"தொவைக்காததுதான் வேணும்" என்றார் டைரக்டர்.

"தம்பி, தொவைச்சே ஆகணும்" என்றேன் நான். பூச்சிமருந்து தெளித்த வயலில் போட்ட சட்டையை அந்தத் தோலில் போடவிடுவேனா?

காதுக்குப் பின்னால்

காலையில் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, முதல் ஷாட் நல்ல நேரத்துக்குள் முடிந்தது. தாரிணி சட்டையும் துண்டுமாக வரப்பில் நடந்து வந்தாள். முகத்துக்கும் விரலுக்கும் அவள் பல வருஷமாகப் போட்டுப் பழகிய மேக்கப் பேஸ்தான், அதையே இரண்டு ஷேடு இறக்கிப் போட்டிருந்தேன். டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்திரிக்கவே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் காதைத் தேய்ப்பதைப் பார்த்தேன். துண்டை விலக்கினேன். இடப்பக்கம் சும்மா பழுப்பு. வலப்பக்கம் செக்கச்செவேலென்று தடித்து, சுற்றிப் பொரிப்பொரியாக இருந்தது. ஒரு பொட்டுக்கே இந்தப் பாடு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளே எழுந்து டைரக்டரிடம் போனாள். நானும் கூடப் போய் நின்றேன்.

"சார், இதான் எனக்கு. நேத்து அக்கா அடிச்சிருந்தா உடம்பு பூரா இப்படி வந்திருக்கும்."

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னை எடுத்திருப்பீங்களா சார்?"

அவர் "தெரியலம்மா" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிறகு, "இனிமே சொல்லு. இப்ப நீதான் இந்தப் படம். அந்தச் சட்டையோட ஷாட்ட எடுத்துட்டு வேற யாரப் போட முடியும்?" என்றார்.

அம்மா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்குப் பொழப்பு போயிருமேன்னுதாங்க" என்றார். எல்லா அம்மாவுக்கும் அதே பயம்தான்.

டாக்டரம்மா பார்த்து, தடிப்புக்கு மருந்து கொடுத்தார். வலப்பக்கத்துச் சொல்யூஷனைக் கொட்டினேன். இடப்பக்கத்து மருந்து மேலும் ஒரு நாள் பொறுத்தும் அமைதியாகவே இருந்தது. டாக்டரம்மா சரி என்ற பிறகு, வாய்க்கால் சீனுக்காக முழங்காலுக்குக் கீழே மட்டும் அதை அடித்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணுக்கு மூடி, மூக்குக்கு அடைப்பு, உதட்டில் வாசலின், அடிக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்லித்தான் அடித்தேன். அதற்கு முதல் நாளும் அன்றும் வேக்ஸிங், ஷேவிங் எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தேன். வீசிங் இருக்கிறவர்களுக்கு நான் ஸ்ப்ரே எடுப்பதே இல்லை, கையால் தடவும் சாமான்தான், அதுவும் டெஸ்ட்டுக்குப் பிறகு.

கேட்கும் முறை

படம் வந்தபோது சிம்மக்கல்லில் பெரிய பேனர். தாரிணி சட்டையும் துண்டுமாக நிற்கிறாள். ஆட்டோவில் போகும்போது டிரைவரிடம் சும்மா இருக்க முடியாமல், "இந்தப் புள்ளைக்கு மேக்கப் நாந்தான்யா" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "மேக்கப்பா? அது நம்ம ஊருப் புள்ள மாதிரில்ல இருக்கு. என்னத்தப் போட்டிய?"

"போடாம விட்டேன்யா. அதுக்குத்தான் அம்புட்டு வேல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

டெஸ்ட் எப்படி வைப்பது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். நான் கற்றது அதற்கு முன்னால் உள்ள படி. சொன்னால் நமக்கு நஷ்டம் என்று பயப்படுகிற இடத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சினிமாக்காரப் பெண்ணுக்கு வேலை போகும் என்று பயம். கல்யாணப் பெண்ணுக்கு, மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகும் என்று பயம். முதலில் அந்தப் பயத்தை எடுக்க வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும்.

அதனால் இப்போது என் பார்லரில் எந்தப் பெண் வந்து உட்கார்ந்தாலும், கூட வந்தவர்களை வெளியே அனுப்பி வைத்துவிட்டு, நான் முதலில் சொல்வது இதுதான்: "நீ என்ன சொன்னாலும் ஒன் காரியம் நிக்காது தாயி. சாமானை மாத்திக்கிறது என் வேல. இப்பச் சொல்லு, கவரிங் போட்டா காது அரிக்குமா?"