விரலைப் பார்த்தே வாசித்த பாட்டு

யுகுலேலே என்கிற இந்தக் குட்டி கிதார் நானாக ஆசைப்பட்டு வாங்கியதல்ல. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் லீவில் வந்தபோது கொண்டுவந்தார். "வீட்ல சும்மாதான இருக்க? படிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுட்டி" என்றார்.

எங்கள் ஊரான புதுக்கடையில் இதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? சமையல் முடிந்ததும் யூடியூபைப் பார்த்து நானே பழகினேன். விரல்நுனி கன்றிப்போய், மீன் கழுவினால் உப்பு பட்டு எரியும்.

ஒரு பாட்டு முழுதாகக் கைக்கு வந்ததும், அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வாசித்தேன். புதிதாகப் பழகுகிறவர்களால் இடது கை விரலிலிருந்து கண்ணை எடுக்க முடியாது; எடுத்தால் கம்பி மாறிவிடும். அதனால் அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

முடித்து நிமிர்ந்தேன். திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, அவர் அடுத்த அறையில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "ஏங்க!" என்று கத்தியதும் ஓடிவந்து எடுத்தார்.

"கொள்ளாம்ட்டி, நல்லாருக்கு! கடைசி வரைக்கும் கேட்டேன். கண்ணு நெறஞ்சு போச்சு."

இப்போது விரலைப் பார்க்காமலே வாசிக்க வருகிறது. ஆனால் அவர் கேட்கும்போதெல்லாம், "கம்பி அறுந்து கிடக்கு" என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை அவரும் புதுக் கம்பி வாங்கி அனுப்பவில்லை.