பெப்ரவரியில் பிறந்தவள்

எங்கள் பாடசாலையில் விளையாட்டுப் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்புகிற வேலை என்னுடையது. ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் வாங்கி, தேதியைப் பார்த்து, எந்த வயதுப் பிரிவு என்று எழுத வேண்டும். மற்ற டீச்சர்மார் அரை மணியில் முடித்துவிடுவார்கள். எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும். பிள்ளையைக் கூப்பிட்டு நிற்கவைத்து, முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். "டீச்சர் கல்யாணத்துக்குப் பாக்குறாங்க" என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்.

நான் படித்ததும் இதே பதுளை மாவட்டத்தில்தான். நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து மூன்று மைல் கீழே பாடசாலை. தரம் ஒன்றிலிருந்தே வகுப்பில் நான்தான் குள்ளம், நான்தான் கடைசி. மற்றப் பிள்ளைகள் சொல்வதெழுதி முடித்துக் கொப்பியை மூடும்போது நான் பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். தவணைக்குத் தவணை தேர்ச்சி அறிக்கையில் முப்பதாவது, முப்பத்திரண்டாவது என்று வரும். மக்கு என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. பரிசளிப்பு விழாவில் மற்றவர்களுக்குக் கை தட்டித் தட்டியே என் கை சிவந்தது.

பிறந்தநாள் விஷயமும் எனக்குப் புரியாத ஒன்றாகவே இருந்தது. என் பிறந்தநாள் பெப்ரவரியில். அன்று வகுப்பில் பாட்டுப் பாடுவார்கள், நான் டொபி கொடுப்பேன். வீட்டுக்கு வந்தால் அம்மா முகத்தை உம்மென்று வைத்திருப்பாள். என்னைப் பெற்றதை நினைத்து நொந்துகொள்கிறாள் என்றே நம்பினேன். ஆனால் ஆவணி மாதம் ஏதோ ஒரு நாள் காலையில், தம்பி பார்க்காத நேரமாக, அவித்த முட்டை ஒன்றை உரித்து என் வாயில் திணிப்பாள். எதற்கு என்று கேட்டால், "தின்னுட்டுப் போ" என்பாள்.

தரம் பதினொன்றுக்கு வந்தபோது என் வகுப்புப் பெண்கள் எல்லோரும் வயதுக்கு வந்து பெரிய பிள்ளைகள் ஆகியிருந்தார்கள். நான் மட்டும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அத்தை என்னை ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொன்னார். "வர்றப்ப வரும்" என்று சொல்லிவிட்டு அம்மா கொழுந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்த வருடம் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் நான் முதலாவதாக வந்தேன். யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காலை பஸ்ஸை விட்டுவிட்டு மூன்று மைல் இறக்கத்தில் ஓடியே பாடசாலைக்குப் போனவள் நான். விளையாட்டு டீச்சர் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "போன வருசம் வலயத்துல பதினாறு வயசுக்குக் கீழ முதலாவது வந்த புள்ளைய விட நீ வேகம்" என்றார். வலயத்தில் முதல் இரண்டு இடம் வந்தால் மாகாணப் போட்டி. எனக்குத் தலை கால் புரியவில்லை.

மறுநாள் டீச்சர் என் பிறப்புச் சான்றிதழின் கொப்பியோடு வந்தார். முகம் வாடியிருந்தது. "ஒனக்குப் பதினாறு முடிஞ்சிருச்சு. பதினெட்டுக்குக் கீழதான் போடணும். அந்தப் புள்ளைங்க எல்லாம் ஒன்ன விடப் பெருசு." சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தா பதினாலு மாதிரிதான் இருக்க. தேதி பிழையோ? வீட்டுல அசலைக் கேட்டுக் கொண்டா."

அன்று வேலை விட்டு வந்த அம்மா, எங்கள் லயத்து வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அட்டை கடித்த காலுக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தேதி பிழை இல்ல" என்றாள், காலைப் பார்த்தபடியே. "ஆனா அது ஒன்னோடது இல்ல. ஒங்க அக்காவோடது."

எனக்கு அக்கா என்று ஒருத்தி இருந்ததே அப்போதுதான் தெரியும். மூத்தவள் பெப்ரவரியில் பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஆறு மாதத்தில் வயிற்றோட்டம். தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே போய்விட்டாள். பாதி வழியில் லொறியைத் திருப்பிக் கொண்டுவந்து, அன்றே அடக்கம் செய்துவிட்டார்கள். யாரும் எதையும் பதியவில்லை. அடுத்த ஆவணியில், மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடந்த நேரம், நான் லயத்திலேயே பிறந்தேன். அம்மா எனக்கும் அதே பெயரை வைத்தாள்.

"ஒங்கப்பாதான் சொன்னாரு, பேரும் அதேதான், பத்திரமும் பொட்டியில கெடக்கு, எதுக்கு இன்னொண்ணுன்னு. எனக்கும் அது தப்பாத் தெரியல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன அக்காவுக்காக அந்த நிமிடம் எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அப்படியானால் நான் மக்கு இல்லை! நாலரை வயதில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பத்து வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அதோடு, பதினாறுக்குக் கீழே ஓடலாம்.

டீச்சர் விசாரித்துக்கொண்டு வந்தார். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிப் பதிவாளர் கந்தோருக்குப் போனால் எனக்குப் புதிதாகப் பத்திரம் எடுக்கலாம். ஆனால் முதலில் மூத்த பிள்ளை இறந்ததைப் பதிய வேண்டும். அப்பா தயார். அம்மா மட்டும் அசையவில்லை.

நான் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். இரண்டாம் நேரமே பசி வென்றுவிட்டது, அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினேன். "செத்தவளுக்கு எதுக்கும்மா பத்திரம்? உசுரோட இருக்கிறது நான்தானே!"



அம்மா திட்டவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் இருந்த கிளினிக் அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். குழந்தையின் நிறையை மாதாமாதம் குறிக்கிற அட்டை. ஆறு புள்ளி. ஆறையும் சேர்த்து ஒரு கோடு மேலே ஏறிப்போய் நின்றிருந்தது. கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில், கிளினிக்கில் நிறை பார்க்கிற மிஸ்ஸி, கொப்பியில் சரியான விடைக்குப் போடுவதைப் போல, சிவப்பு மையில் ஒரு சரி போட்டிருந்தார்.

"போட்டோ ஒண்ணு எடுக்கல. பொதைச்ச எடத்துல இப்ப தேயிலை வச்சிட்டாங்க" என்றாள் அம்மா. "அவ இருந்தான்னு சொல்ல இந்தக் கடதாசி ரெண்டுந்தான் இருக்கு. நான் போயி, செத்துட்டான்னு என் கையால எழுதிக் குடுக்கணுமா?"

உடனே மனம் இளகிவிட்டது என்று எழுதினால் பொய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன். விடிந்ததும் வழக்கம்போல பஸ்ஸை விட்டுவிட்டு ஓடினேன். இரண்டாவது வளைவில் அந்தச் சிவப்புச் சரி ஞாபகம் வந்தது. நான் பத்து வருடமாக ஏங்கிய சரி, அவளுக்கு ஆறு மாதத்திலேயே கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ரோட்டோரத்தில் நின்று, அப்போதுதான் என் அக்காவுக்காக அழுதேன். பாடசாலைக்குப் போய் டீச்சரிடம், "பதினெட்டுக்குக் கீழயே போட்டுருங்க டீச்சர்" என்றேன். அவர் என் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு எழுதினார்.

வலயப் போட்டியில் என் பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் தோளுக்குத்தான் நான் இருந்தேன். கடைசிச் சுற்றில் நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஓடியும் மூன்றாவதுதான். மாகாணத்துக்கு முதல் இரண்டு பேர் போனார்கள். பதினாறுக்குக் கீழே முதலாவது வந்த பிள்ளையின் நேரத்தை ஒலிபெருக்கியில் சொன்னபோது காதைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பிள்ளை என்னை விட மெதுவாகத்தான் ஓடியிருந்தாள். பெருந்தன்மை எல்லாம் ஒருநாள் கூத்து, வயிற்றெரிச்சல் ஒரு மாதம் இருந்தது.

ஆனால் வலயத்தில் மூன்றாவது என்றாலும் எங்கள் பாடசாலைக்கு அது பெரிது. வருடக் கடைசியில் பரிசளிப்பு விழாவுக்கு அம்மாவும் வந்தாள். கூறைச் சேலை கட்டி, மண்டபத்தின் பின்வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் என் பெயரை வாசித்தார்கள். நான் எழும்பித் திரும்பிப் பார்த்தால், எனக்கு முன்னாலேயே அம்மா எழும்பி நிற்கிறாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இழுத்தும் அவள் உட்காரவில்லை. நான் சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கும் வரை அப்படியே நின்றாள். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். பெயர், வயதுப் பிரிவு, இடம். திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். பிறகு பெட்டியில், அந்த இரண்டு கடதாசிகளுக்கும் மேலே வைத்தாள்.

அடுத்த பெப்ரவரி. நான் உம்மென்ற முகத்துக்குத் தயாராக எழும்பினேன். அம்மா, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக இடுப்பில் கட்டியிருந்த சாக்கோடு என் முன்னால் குந்தி, முட்டை ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆவணியிலதானேம்மா?"

"இது ஒனக்கு இல்ல. அவளுக்கு இன்னைக்குப் பதினேழு முடியுது." முட்டையை என் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். "பல்லு மொளைக்கிறதுக்குள்ள போயிட்டா. நீ நல்லா மென்னு தின்னு."