ரோபோவுக்கு நல்ல நேரம்

ஹூஸ்டனில் நான் வேலை பார்த்த இடத்தில் ரோபோவுக்கு மூட்டை தூக்கக் கற்றுக்கொடுப்போம். நாய்த் தீனி மூட்டை பெல்ட்டில் வரும். ஒற்றைக் கை ரோபோ அதை உறிஞ்சிப் பிடித்துத் தூக்கி, திரும்பி, மரப்பலகை மேல் அடுக்கும். அதற்கு ப்ரோக்ராம் எழுதுவது என் வேலை. "கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சுட்டு அமெரிக்காவுல நாய்க்குச் சோறு அடுக்குறியா?" என்று அப்பா போனில் கேட்பார். "நான் எங்க அடுக்குறேன்ப்பா, மெஷின்தானே அடுக்குது" என்பேன்.

எங்கள் டீமுக்குத் தலைவர் ஒரு விருதுநகர்க்காரர். சொந்த அண்ணன் இல்லை, ஆனாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மூளை என்றால் அப்படி ஒரு மூளை. ஆயிரம் ஒயருக்கு நடுவில் எது லூசாக இருக்கிறது என்று முகர்ந்தே கண்டுபிடிப்பார். ஆனால் ராகு காலத்தில் புது சாக்ஸ்கூடப் போட மாட்டார். அவருக்குப் பஞ்சாங்கம் அவர் மனைவிதான். அவரை நான் அக்கா என்பேன். அக்கா கணக்கில் பிஎஸ்சி. கணவரோடு வந்த மனைவிக்குக் கொடுக்கும் விசாவில் வேலைக்குப் போக முடியாது என்பதால் வீட்டில் இருந்தார். எதற்கு எது நல்ல நேரம் என்று அக்கா சொன்னால் அண்ணாவுக்கு அப்பீலே கிடையாது.

அந்த மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மூட்டை ரோபோவை வாங்கப்போகிற கம்பெனியிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. பதினொன்றரைக்கு வருவார்கள். அவர்கள் கண்ணெதிரே ரோபோ ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஒன்றரைக்கு ஏர்போர்ட் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் எங்கள் டிபார்ட்மென்ட்டையே இழுத்து மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நான் ஒண்டிக்கட்டை, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்வேன். அண்ணாவின் க்ரீன் கார்டு பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் இரண்டு குழந்தைகளையும் ஸ்கூலிலிருந்து எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்கு ப்ளேன் ஏற வேண்டியதுதான்.

காலையில் அண்ணா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பத்தரை டு பன்னிரண்டு ராகு காலம். உங்கக்கா சொல்லிட்டா. பன்னிரண்டு அடிக்காம நீ ஸ்டார்ட் பட்டன்ல கை வைக்கக் கூடாது."

"அண்ணா, நேத்து பூரா ஓட்டினோமே!"

"அது ரிகர்சல். இன்னிக்குத்தான் ஆரம்பம்."

"அவங்க பதினொன்றரைக்கே வந்து நிப்பாங்க. அரை மணி நேரம் என்ன பண்ணப் போறீங்க, டான்ஸ் ஆடப் போறீங்களா?"

"நான் பாத்துக்கிடுதேன். நீ வாயைத் திறக்காம இரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரோபோவுக்கே புத்தி சொல்லிக்கொடுக்கிற மனுஷனுக்கு யார் புத்தி சொல்வது? தலையில் அடித்துக்கொண்டு போய் என் இடத்தில் நின்றேன்.

சொன்ன நேரத்துக்கு மூன்று பேரும் வந்தார்கள். அவர்களில் பெரியவர் ஓங்குதாங்கான ஆள். கௌபாய் பூட்ஸ், பெல்ட்டில் தட்டு அகலத்துக்கு ஒரு பக்கிள். வந்ததும் வாட்சைப் பார்த்தார். "சரி, ஓட்டுங்க" என்றார். அண்ணா சிரித்த முகமாக, "முதலில் பாதுகாப்பு" என்று ஆரம்பித்தார்.

ரோபோவைச் சுற்றி ஒரு கம்பி வேலி உண்டு. "இந்தக் கதவைத் திறந்தால் ரோபோ உடனே நின்றுவிடும்" என்று கதவைத் திறந்து காட்டினார். ரோபோ அதற்கு முன்பும் நின்றுகொண்டுதான் இருந்தது. மூன்று பேரையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கச் சொன்னார். மூன்று தடவையும் ரோபோ நன்றாகவே நின்றது. அப்புறம் சிவப்பு எமர்ஜென்சி பட்டன். அதையும் ஆளுக்கொரு தடவை அமுக்க வைத்தார். நிற்கிற மெஷினை எப்படி நிறுத்துவது என்று அரை மணி நேரம் கழுத்தை அறுத்த ஆள் இந்த உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் இன்னொரு பக்கம்.

மேனேஜர் என் காதருகே வந்து, "என்ன பண்றான் இவன்?" என்று பல்லைக் கடித்தார். "சேஃப்டி சார், எங்க ஊர்ல ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றேன். எங்கள் ஊரில் லாரி டாப்பில் நாற்பது பேர் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போவார்கள். அது அவருக்குத் தெரியாதே!

பக்கிள்காரருக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணாவை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, "நீ ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. அவர் தோளுக்குப் பின்னால் அண்ணா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கும்பிடுகிறார். நான் என்ன செய்வேன்? ஷூ லேஸ் கட்ட வேண்டும் என்று சொல்லிக் குனிந்துவிட்டேன். நான் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ. குனிந்தபடியே எதையோ கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடியும் கட்டினேன்.

நிமிர்ந்தபோது முள் பன்னிரண்டைத் தொட்டிருந்தது. அமுக்கினேன்.

அட, என்ன சொல்ல! சமத்துப் பிள்ளை மாதிரி ஓடியது. ஒரு மூட்டை கோணலாக வந்தபோது மட்டும் என் கை சிவப்பு பட்டன் பக்கம் போனது. ரோபோ அதையும் அலட்சியமாகத் தூக்கி நேராக வைத்தது. ஒரு மணிக்குப் பக்கிள்காரர் கையெழுத்துப் போட்டார். "சேஃப்டியை இவ்வளவு நிதானமாக எங்களுக்கு யாருமே காட்டியதில்லை" என்று அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்படியே ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் அவர்கள் அபார்ட்மென்ட்டில் சாப்பாடு. அண்ணா சோபாவில் ராஜா மாதிரி உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கதை அளந்துகொண்டிருந்தார். நான் பாயசக் கிண்ணம் எடுக்க அடுப்படிக்குப் போனேன். என் வாட்சில் ஆறரை. மைக்ரோவேவில் ஐந்தரை.

"அக்கா, உங்க மைக்ரோவேவ் ஒரு மணி நேரம் ஸ்லோ."

"ஸ்லோ எல்லாம் இல்ல. ராகு காலம் பாக்கதுக்காக அப்படி வச்சிருக்கேன். கோடைக்குன்னு இந்த நாட்டுல கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளினாங்கள்ல, சூரியனையுமா தள்ளினாங்க?"

நான் விரல் விட்டு எண்ணினேன். மைக்ரோவேவ் கணக்கில் பத்தரை டு பன்னிரண்டு என்றால், ஃபேக்டரிக் கடிகாரத்தில் பதினொன்றரை டு ஒன்று. நான் பட்டனை அமுக்கியது ராகு காலத்துக்கு உள்ளே!

"அக்கா!"

"கத்தாத." ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரியான நேரத்தைச் சொல்லியிருந்தா இந்த மனுஷன் ஒரு மணி வரைக்கும் கதவைத் திறந்து திறந்து காட்டியிருப்பாரு. ஒண்ணரைக்கு அவங்க கெளம்பிருவாங்க. பெறகு யாருக்கு ஓட்டிக் காட்ட?"

"ராகு காலமே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு அவருக்கு மனப்பாடம். நம்புவாராக்கும்? கோடையில ஒரு மணி கூட்டணும்ங்கிறது எங்கணக்கு, அதுதான் அவருக்குத் தெரியாது."

"அப்போ உங்களுக்கு இதுலயெல்லாம் நம்பிக்கையே இல்லையா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அவரை விட எனக்குத்தான் ஜாஸ்தி. பொய் நேரம் சொல்லி அனுப்பிட்டு, போன் வார வரைக்கும் இந்தத் தரையிலேயே உக்காந்திருந்தேன். பச்சைத் தண்ணி பல்லுல படல. எதாச்சும் ஆகியிருந்தா, நானே எம்புள்ளைங்களைத் தெருவுல நிறுத்தின மாதிரிதானே?"

ஹாலிலிருந்து அண்ணா சத்தம் போட்டார்: "ஏம்மா, உங்கக்கா சொன்ன நேரம் என்னிக்காவது தப்பியிருக்கா? நீயே சொல்லு!"

"இல்லண்ணா," என்று நானும் சத்தமாகச் சொன்னேன், "தப்பவே தப்பாது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் அழுதுவிட்டார். நான் ஒரு கிண்ணத்தில் பாயசத்தை ஊற்றி, ஹாலுக்குக் கொண்டுபோகாமல், அவர் கையில் கொடுத்தேன்.